மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிஞ்சியது
சோலோதுர்ன் மாநிலத்தில் கட்டடத் தொழில் கற்கும், செய்யும் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிமாரே, தங்கைமாரே,

கெர்லாஃபிங்கன் உருக்காலைக்குள் பழைய வாகனங்களும் இடித்த கட்டடங்களின் இரும்பும் கிழிந்த தகரமும் போகின்றன. வெளியே கட்டடக் கம்பியாக வருகின்றன. வேலைத்தளத்தில் நீங்கள் வளைத்துக் கட்டும் கம்பியில் ஒரு நல்ல பங்கு அங்கே பழைய இரும்பிலிருந்து வார்த்தது. வேண்டாம் என்று எறிந்ததைக் கட்டடமாக்குவது நாம் வாழும் இந்த மாநிலத்துக்குப் பழகிய வித்தை. அதை நினைவூட்டி உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு வருகிறேன்.

உங்களில் சிலர் மேசன் வேலைக்கு லேர என்னும் தொழிற்பயிற்சி செய்கிறீர்கள். சிலர் தச்சு, கூரை, பூச்சு, வெப்பக்காப்பு வேலைகளில் தேர்ந்துவிட்டீர்கள். சிலர் வரைபட அலுவலகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்தபோது பெரும்பாலோருக்குக் கிடைத்தது சமையலறையும் துப்புரவு வேலையும்தான். நீங்கள் ஒரு சுவரின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள். ஈரம் எந்தப் பக்கம் போகும், சூடு எங்கே கசியும், தீ எவ்வளவு நேரத்தில் ஊடுருவும் என்று கணக்குப் போடத் தெரிந்த முதல் தலைமுறை நீங்கள்தான்.

என் வேண்டுகோள் இது. ஊரில் வீடு கட்டவும் திருத்தவும் நம் குடும்பங்கள் அனுப்பும் பணம் சீமெந்தாகவும் கம்பியாகவும் மட்டுமே மாறுகிறது. அதே ஊரின் மில்லிலும் தோட்டத்திலும் கட்டடத்துக்கு உதவக்கூடிய பொருள் குவிந்து கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போடக்கூடியவர்கள் நீங்கள். போடுங்கள்.

சீமெந்தின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. 1950இல் உற்பத்தி தொடங்கி, 1990இல் போரால் நின்றுபோன காங்கேசன்துறைத் தொழிற்சாலை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சீமெந்திலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல. சூளையில் சுண்ணாம்புக்கல் பிரியும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. சூளையை எப்படி எரித்தாலும் அது போகாது. சீமெந்தைக் குறைவாகப் போடுவதே வழி. யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் குடிதண்ணீர் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள்தான் தேங்கி நிற்கிறது. அதைத் தோண்டித் தோண்டிக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

இங்குள்ள பழைய பண்ணை வீடுகளை ஒருமுறை தொழில்காரரின் கண்ணால் பாருங்கள். வாசராம்ட், பூகெக்பெர்க் பக்கக் கிராமங்களில், முன்பக்கம் தாழ இறங்கும் பெரிய கூரைகளோடு நிற்கின்றன. இன்று அவற்றின் மேல் ஓடு. 18ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் பண்ணை வீடுகள் பெரும்பாலும் வைக்கலால் வேய்ந்தவை. மழைநீர் தங்காமல் வழிந்தோட வேண்டும் என்பதற்காகத்தான் கூரை அவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது. மரச்சட்டங்களின் இடைவெளியில் வைக்கல் கலந்த களிமண்ணை அப்பிய சுவர்களும் சுவிஸ் நடுநிலத்தில் வழக்கத்தில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் தீக்காப்பு விதிகளும் கட்டடக் காப்புறுதியும் வைக்கல் கூரையை மெல்ல மெல்ல அகற்றின. அயல் மாநிலமான ஆர்கௌவில், கொல்லிக்கன் என்ற ஊரில், 1802இல் கட்டிய வைக்கல் கூரை வீடு அருங்காட்சியகமாக இன்றும் நிற்கிறது. போய்ப் பாருங்கள். கிடுகும் பனையோலையும் வேய்ந்த நம் வீடுகளுக்கும் அதற்கும் உள்ள உறவு ஒரு பார்வையிலேயே விளங்கும்.

ஆனால் பழையதைப் போற்றிக்கொண்டு இருந்துவிட்டால் போதாது. முதலில் ஒரு கணக்கைச் சரியாகப் போட வேண்டும். விவசாயக் கழிவு என்று நாம் சொல்வதில் எவ்வளவு உண்மையில் கழிவு?

கோதுமை அறுத்த பிறகு நம் மாநிலத்தின் கோய் சமவெளியில் உருட்டி வைத்திருக்கும் வைக்கலைக் கண்டு, இவ்வளவும் சும்மா கிடக்கிறதே என்று எண்ணிவிட வேண்டாம். சுவிற்சர்லாந்தில் மாடுகளுக்குப் படுக்கை போடவே வைக்கல் போதாது. பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் இறக்குமதி செய்கிறார்கள். வன்னியில் மட்டும் என்ன? அறுவடை இயந்திரம் விட்டுப்போகும் வைக்கலைச் சில இடங்களில் வயலிலேயே எரிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வெயில் காலத்தில் புல் கருகிப்போனால் மாட்டுக்கு அந்த வைக்கல்தான் தீன். மண்ணில் மடிந்தால் பொட்டாசியமும் சேதனப் பொருளும் திரும்பக் கிடைக்கும். மாட்டின் வாயிலிருந்தும் மண்ணின் மடியிலிருந்தும் பறித்துக் கட்டும் சுவரைப் பசுமைக் கட்டடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிஞ்சியதே நமக்கு. இந்த ஒழுங்கை மாற்றாதவரைதான் இந்த முயற்சிக்கு நியாயம் உண்டு.

அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது எது? முதலில் உமி.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. மாடு தின்னாது; அதில் சத்து இல்லை, சிலிக்கா மிகுதி. மண்ணில் மக்கவும் நெடுநாள் பிடிக்கும். அதனால்தான் மில்லின் அடுப்பிலும் செங்கல் சூளையிலும் எரிக்கிறார்கள். அது நல்ல உபயோகமே. எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல்தான் யாருக்கும் வேண்டாததாகி மில்லின் பின்வளவில் குவிகிறது. உமியின் எடையில் மறுபடியும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆக 1 தொன் நெல்லைக் குற்றினால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல்.

அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா இருக்கும். சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெளியே வருகிறது என்பதைத் தொழிற்பள்ளியில் படித்திருப்பீர்கள். நன்றாக அரைத்த உமிச்சாம்பல் அந்தச் சுண்ணாம்போடு கூடி மேலும் பிணைப்பை உண்டாக்குகிறது. கொங்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன. உப்பு ஊடுருவுவது குறைகிறது. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் கடற்காற்றால் கம்பி துருவேறி வீங்கி, தட்டிலிருந்து கொங்கிரீட் பாளம் பாளமாகக் கழன்று விழுவதைக் கண்டவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். இந்தச் சாம்பலைக் கட்டடப் பொருளாக்கும் ஆராய்ச்சியை 1970களில் முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த இந்தியர், பி. குமார் மேத்தா.

சீமெந்தில் 10 விழுக்காட்டை மட்டும் சாம்பலால் மாற்றினால், 50 கிலோப் பை ஒன்றுக்கு 5 கிலோ போதும். 1 தொன் நெல்லின் சாம்பல் எட்டுப் பைக்குக் காணும். பெரும்போகம் முடிந்து இரணைமடுக் குளத்தின் கீழும் கட்டுக்கரைக்குளத்தின் கீழும் குவியும் நெல்லை மனத்தில் கொண்டு இந்தக் கணக்கை நீங்களே மேலே கொண்டுபோங்கள்.

ஆனால் எந்தச் சாம்பலும் ஆகாது. ஏறத்தாழ 700 பாகைக்குக் கீழே எரிந்தால்தான் சிலிக்கா சுறுசுறுப்போடு இருக்கும். அதற்கு மேல் சூடேறினால் படிகமாகி மந்தமாகிவிடும். சாம்பல் கறுப்பாக இருந்தால் எரியாத கரி மிஞ்சியிருக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சிக் கலவையைக் கெடுக்கும். படிகமான தூசு நுரையீரலுக்குக் கேடு. விபத்துக் காப்புறுதி நிறுவனமான சூவாவின் தூசுப் பாதுகாப்பு விதிகளைத் தினமும் வேலைத்தளத்தில் கடைப்பிடிக்கும் நீங்கள், ஊரில் வெறுங்கையோடும் மூக்கைத் துணியால் மூடியும் சாம்பல் அள்ளும் தொழிலாளிக்கு அதே காப்பு வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள். எரிக்கும் முறை, அரைக்கும் முறை, சோதிக்கும் முறை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் உமிச்சாம்பல் வெறும் கலப்படம்.

அடுத்தது பொச்சுமட்டை. பளையிலும் சாவகச்சேரியிலும் தென்னந்தோட்டங்களில் குவிவதில் உரத்துக்கும் தும்புக்கும் போக மிச்சத்தை எரிக்கிறார்கள். அந்த மிச்சத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஆரே ஆற்றங்கரையில் அட்டிஸ்ஹோல்ட்ஸ் ஆலை நின்ற இடத்துக்கு நீங்கள் கோடையில் இசை கேட்கப் போயிருப்பீர்கள். 1881இலிருந்து 2008 வரை அங்கே மரத்தை வேகவைத்துச் செலுலோசு எடுத்தார்கள். இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினைக் கரைத்து அகற்றுவதே அந்த வேலையின் சாரம். தேங்காய்ப் பொச்சில் அதே லிக்னின் மிகுதி. மட்டையை அரைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால் லிக்னின் இளகி, ஆறும்போது பசையாக இறுகுகிறது. வேறு பசை சேர்க்காமலே கெட்டியான பலகை கிடைக்கிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சுவிற்சர்லாந்து 1990இல் அஸ்பெஸ்டசைத் தடைசெய்தது. அதை அகற்றும் வேலையில் முழு உடற்கவசம் அணிந்து நிற்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இலங்கையில் இன்னும் அஸ்பெஸ்டஸ் கூரை விற்பனையாகிறது. உள்கூரைக்கும் அறைத் தடுப்புக்கும் உள்ளூரில் ஒரு நல்ல பலகை கிடைப்பது ஆடம்பரம் இல்லை, உடல்நலம்.

சோலோதுர்னிலும் இப்படி மிஞ்சுவது உண்டு. டிங்கல் மாவை உங்கள் வீட்டுச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தானியம் நெல்லைப் போலவே உமியோடு ஒட்டிக்கொண்டு அறுவடையாகும். ஆலையில்தான் உமி பிரியும். தலையணைக்குள் அடைக்கும் அந்த உமி, காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதால் சுவருக்குள் வெப்பக்காப்பாகவும் ஆகும். ரீட்ஹோல்ட்ஸில் மாநிலத்தின் விவசாயக் கல்வி நிலையமான வாலியர்ஹோஃப் இருக்கிறது. அங்கே படித்த விவசாயிகளிடமும் உங்கள் ஊர் ஆலைக்காரரிடமும் என்ன மிஞ்சுகிறது, எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அயலவரோடு பேச இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் எழுப்பப்போகும் ஐயங்களுக்கு வருகிறேன். அவை நியாயமானவை.

முதலாவது தீ. நம் மாநிலத்தில் டோர்னாக்கில் மரத்தால் கட்டிய முதலாவது ‘கோத்தேயானும்’ மண்டபம் 1922ஆம் ஆண்டின் கடைசி இரவில் எரிந்தது. அதன் இடத்தில் கொங்கிரீட்டில் எழுந்த கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. அந்தப் பயம் வீண் பயம் இல்லை. ஆனால் தீக்குக் காற்று வேண்டும். உதிரி வைக்கல் பற்றும். இறுக்கி அடுக்கி இருபுறமும் சுண்ணாம்போ களிமண்ணோ பூசிய வைக்கற் சுவர் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் 90 நிமிடத் தீச்சோதனையைத் தாங்கியிருக்கிறது. பிரான்சின் மொந்தார்ஜி நகரில் 1920இல் எமீல் ஃபெயெத் கட்டிய வைக்கல் வீடு நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. கிராவுபுண்டன் மாநிலத்தின் டிசென்டிசில், கட்டடக் கலைஞர் வேர்னர் ஷ்மிட் 2002இல் எழுப்பிய வீட்டில் வைக்கற் கட்டுகளே பாரம் தாங்குகின்றன. அது ஆல்ப்ஸ் பனியின் பாரம். அவரே வாலிஸ் மாநிலத்தின் நாக்ஸ் ஊரில் வைக்கலால் ஒரு விடுதியும் கட்டினார்.

இரண்டாவது ஈரம். இங்கே குளிர்காலத்தில் நீராவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும். அதனால் தடுப்பை உட்பக்கம் வைக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் குளிரூட்டி ஓடும் அறையில் அது வெளியிலிருந்து உள்ளே வரும். இங்கே படித்த சுவரை அப்படியே அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மாரிகாலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வரைபடத்தைக் கொண்டுபோகாதீர்கள். கணக்கிடும் முறையைக் கொண்டுபோங்கள். அங்கே சுவரைவிடக் கூரைதான் எதிரி. பகல் முழுதும் வெயில் குடித்த கொங்கிரீட் தட்டு இரவு முழுதும் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. உமிக்கு நல்ல இடம் அந்தக் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில்.

மூன்றாவது கறையானும் எலியும். உயர்ந்த அத்திவாரம், சுண்ணாம்பு கலந்த நிரப்பல், இடைவெளி விடாத மூடல், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒரு வாசல். இவை இல்லாமல் இந்தப் பொருட்களைத் தொடவே வேண்டாம்.

நான்காவது ஐயத்தை நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் அம்மா அப்பா கேட்பார்கள். உமியிலும் தும்பிலும் வீடா, நாங்கள் பட்டது போதாதா என்பார்கள். அந்தக் கேள்விக்கு முன் தலைகுனிந்து நிற்க வேண்டும். குண்டு விழுந்து வீடு இழந்தவர்கள், கொட்டிலிலும் தறப்பாள் கூடாரத்திலும் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள், கல்வீடு ஒன்றே இனி யாரும் தங்களை எழுப்ப முடியாது என்பதற்குச் சாட்சி என நம்புகிறார்கள். அவர்களிடம் கொட்டிலுக்குத் திரும்பச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. நான் கேட்பதும் அது இல்லை. வீடு கல்வீடாகவே இருக்கட்டும். அதன் கலவையில் உமிச்சாம்பல் இருக்கட்டும். அதன் உள்கூரை தும்புப் பலகையாக இருக்கட்டும். அதற்குள் பிள்ளைகள் வியர்க்காமல் தூங்கட்டும்.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் நிறுவ இலங்கை அரசு முனைந்தது நினைவிருக்கும். வெப்பம், செலவு, உள்ளூர்த் தொழிலாளருக்கு வேலை இல்லாமை என்று காரணம் காட்டி நம் மக்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எந்தப் பொருளில் வீடு கட்டுவது என்பதை அங்கே வாழப்போகிறவர்களே தீர்மானிக்க வேண்டும் என்று அன்று நிலைநாட்டினோம். நாமும் அந்த நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள். சுவிசிலிருந்து போகும் யோசனை என்பதற்காக அது கட்டளை ஆகிவிடக் கூடாது.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இந்த நாட்டிலேயே இருக்கிறது. லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கரென் ஸ்கிரிவனரின் குழுவும், கியூபாவின் ஆய்வாளர்களும், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் சேர்ந்து, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து சூளைக் கட்டியை (கிளிங்கர்) பாதியாகக் குறைக்கும் சீமெந்தை உருவாக்கினார்கள். சுவிஸ் அரசின் அபிவிருத்தி உதவி அதற்குத் துணைநின்றது. இங்கிருந்து ஒரு கை, அங்கிருந்து ஒரு கை என்று சேர்ந்து செய்தால் ஆகும் என்பதற்கு இதுவே போதும். நமக்கும் அங்கே ஒரு கை காத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில், நெல்வயல்களுக்கு நடுவே, பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பவை இவை.

லேர செய்யும் பிள்ளைகளே, கடைசி ஆண்டில் நீங்கள் எழுத வேண்டிய ஆய்வுப் பணிக்கு இதைத் தலைப்பாக எடுங்கள். சோலோதுர்ன்–கிரென்ஷன் தொழிற்பயிற்சி நிலையத்திலோ ஓல்ட்டனிலோ உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். கையளவு உமிச்சாம்பலில் சாந்துக் கட்டி வார்த்து நசுக்கிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை.

பீல் நகரில் மரமும் கட்டடமும் கற்பிக்கும் உயர்கல்லூரியில், அல்லது சூரிச்சிலும் லோசானிலும் படிப்பவர்களே, உங்கள் பட்ட ஆய்வுக்கு அறிவியல்நகர் மாணவர் ஒருவரைக் கூட்டாளியாக்குங்கள். அவர் ஊர்ச் சாம்பலைச் சேகரிக்கட்டும். இங்குள்ள கருவிகளில் நீங்கள் சோதியுங்கள். முடிவை இருவர் பெயரிலும், தமிழிலும் எழுதுங்கள். ஊர் மேசன் வாசிக்க முடியாத ஆய்வு ஊருக்கு உதவாது.

தொழில் தேர்ந்தவர்களே, உங்கள் குடும்பம் ஊரில் அடுத்து எதைக் கட்டினாலும் அதில் ஒரு சிறு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். பாரம் தாங்காத பகுதியாக இருக்கட்டும். மதில், முற்றத்துக் கல், பூச்சு, உள்கூரை. மூன்று மாரி அது தாங்கினால் அதன் பிறகு பெரியதைப் பேசலாம். வேலையை ஊர் மேசனுக்கும் தச்சருக்கும் கொடுங்கள். நீங்கள் விடுமுறையில் போய் அவர்களோடு நின்று செய்யுங்கள். அவர்கள் கையறிவு உங்கள் கணக்கைத் திருத்தும்.

ஊர்ச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதைக் கொண்டுபோங்கள். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டப் பணம் சேர்க்கிறோம். ஒரு வகுப்பறைக்கு வழக்கமான கூரை, பக்கத்து வகுப்பறைக்கு உமி நிரப்பிய உள்கூரை, இரண்டிலும் ஒவ்வொரு வெப்பமானி. பிள்ளைகளே அளந்து பலகையில் எழுதட்டும். அந்த அளவு எந்தப் பேச்சாளரையும்விட ஊரை நம்பவைக்கும்.

கடைசியாக, சாம்பலுக்கும் மட்டைக்கும் விலை கொடுங்கள். ஓசியில் அள்ளி வந்து பிறகு பலகையாக விற்று இலாபம் பார்க்கும் தொழிலாக இது மாறக் கூடாது. விளைவித்தவர் கைக்கும் ஒரு பங்கு போய்ச்சேர வேண்டும். அப்போதுதான் வயலோரத்தில் நெருப்பு வைப்பதை நிறுத்த அவருக்கும் காரணம் இருக்கும்.

உங்கள் பெற்றோர் இந்த நாட்டுக்குத் தங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். இந்த நாடு உங்களுக்கு ஒரு தொழிலைக் கொடுத்தது. அந்தத் தொழிலை ஊருக்கு எடுத்துச் செல்ல விமானச்சீட்டும் பெரும் முதலும் முதலில் வேண்டியதில்லை. இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் ஊர் மில்லுக்குப் போய், சாம்பல் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒரு சிறு பையில் எடுத்துவந்து சோதியுங்கள். போகாதவர்கள் இங்கே ஒரு விவசாயியிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். விடைகளைச் சேர்த்து வைத்துப் பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன். நீங்களும் வாருங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
சோலோதுர்ன் நகரில் உங்களோடு வாழும் ஓர் அண்ணன்